உடன் வந்தவர்

பல்லடம் துரைசாமி இறந்துபோன சேதியைத் துரைசாமியிடமே சொல்வதற்காக, காலை ஒன்பது மணிக்கு ரேணுகா அவருடைய கோழிப்பண்ணை வாசலில் போய் நின்றாள். கையில் ஒரு வேப்பங்கன்று. ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பும் பரிசு அது. முதலில் இனிப்புப் பெட்டிதான் கொடுத்தார்கள். உடம்பு இளைக்க இரைப்பையை வெட்டிச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு இனிப்பைக் கொடுத்து மயங்கி விழவைக்கிறீர்களே என்று டயட்டீஷியன் சத்தம் போட்ட பிறகு மரக்கன்றாக மாற்றினார்கள்.

துரைசாமி தீவன மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வந்தார். நாலு வருடத்துக்கு முன் நூற்று நாற்பத்தொரு கிலோ இருந்தவர். இப்போது எண்பத்து நாலு.

"வாங்கம்மிணி. ஆசுபத்திரியில இருந்துதானுங்களே? பரிசோதனைக்கு நான் அடுத்த மாசமில்ல வரோணும்?"

"பரிசோதனைக்கு இல்லீங்க. ஒரு நல்ல சேதி சொல்ல வந்தனுங்க. அறுவை பண்ணிக்காம இருந்திருந்தா நீங்க நேத்து சாயங்காலம் நாலே காலுக்கு இறந்திருப்பீங்க. பண்ணிக்கிட்டதால இருக்கீங்க. வாழ்த்து சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

மனப்பாடமான வாக்கியம். கன்றை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நானுங்களா?"

"நீங்க இல்லீங்க. உங்க நிழல். அறுவைக்கு முன்னால ஆறு மாசம் கையில ஒரு பட்டை கட்டியிருந்தீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? நீங்க தின்னது, தூங்கினது, சர்க்கரை, நாடி எல்லாம் அதுல பதிஞ்சுது. அதை வெச்சு மிசினுக்குள்ள அறுவை பண்ணிக்காத ஒரு துரைசாமியை உண்டாக்கி வெச்சிருந்தோம். உங்களோட ஒவ்வொரு நாளும் அவருக்கும் ஒரு நாள். உங்களையும் அவரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே இந்த அறுவை நல்லதா கெட்டதான்னு தெரியும்?"

துரைசாமி கோழிக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"வலிச்சுதுங்களா அவனுக்கு?"

மாரடைப்பு, நாற்பது நிமிடம் என்று தாளில் இருந்தது. "மத்தியானத் தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றாள் ரேணுகா.

உள்ளேயிருந்து அவர் மனைவி சாவித்திரி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முழுதும் கேட்டிருக்க வேண்டும். அவள் கை தானாகத் தாலிக்குப் போயிருந்தது. புருஷன் கண்ணெதிரே குத்துக்கல் மாதிரி நிற்கிறார்; ஆனாலும் கை அங்கேதான் இருந்தது.

"தண்ணி காய வெக்கறேன், முழுகிட்டு வந்துருங்க" என்றாள் அவரிடம். "அம்மிணி, நீங்களும் சாவுச் சேதி கொண்டாந்திருக்கீங்க. ஊட்டுக்குள்ள வர வேண்டாம், தப்பா நெனச்சுக்காதீங்க."

ரேணுகா தப்பாக நினைக்கவில்லை. எவ்வளவோ பார்த்தாகிவிட்டது. கேக் வெட்டுவார்கள், படம் எடுத்துப் போடுவார்கள் என்று சென்னையில் யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நினைத்த திட்டம் இது. நம் ஜனங்களுக்குச் சாவு என்று சொன்னால் தலைக்கு ஊற்றிக்கொள்ளத்தான் தெரியும். சூலூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தனக்குத்தானே மீசையை எடுத்துக்கொண்டார். அன்னூர் அம்மாள் ஒருத்தி பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகையே அடித்துவிட்டாள். வந்தவர்களுக்கு அவளே பந்தி பரிமாறினாள். ரேணுகாவுக்கு அப்போதெல்லாம் சிரிப்பு வரும். ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று வருடமாகச் சிரிப்பதில்லை.

அவினாசி சாலை ஆஸ்பத்திரியில் ஒப்பீட்டுப் பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. அறுவை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை மாதாமாதம் அழைத்து எடை, சாப்பாடு, வலி எல்லாம் விசாரித்துப் பதிவது ரேணுகாவின் வேலை. அவர்களுடைய நிழல்களின் மாதத் தாளையும் அவள்தான் சரிபார்க்க வேண்டும். நிழல் செத்தால் கன்றோடு கிளம்ப வேண்டும். ஆள் செத்தால் அதைப் பதிந்து, அன்றைக்கே நிழலையும் நிறுத்திவிட வேண்டும். ஆளே போன பிறகு நிழலை யாரோடு ஒப்பிடுவது என்பது ஆஸ்பத்திரியின் நியாயம். ஆள் போயும் நிழல் நன்றாக இருக்கிறது என்று எங்கும் தெரியாமல் போவதில் ஆஸ்பத்திரிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அவளும் அங்கே அறுவை செய்துகொண்டவள்தான். நூற்றுப் பதினெட்டிலிருந்து அறுபத்தாறுக்கு வந்தவள். அவளுக்கும் ஒரு நிழல் உண்டு. ஊழியர்கள் தங்கள் நிழலைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி. அது உயிரோடு இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கன்றோடு யாரும் தன் வாசலுக்கு வரவில்லை, அதுதான் தெரியும்.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அவள் ஓர் எண்ணுக்குப் போன் போடுவாள். 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை' என்று வரும். முழுதும் கேட்டுவிட்டுத் திரையில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று பதிவாள். இப்படி முப்பத்து நாலு மாதம். தொடர்பு கிடைக்காதவர்களின் நிழலை நிறுத்துவதில்லை. ஆள் எங்கேயாவது இருக்கலாம், என்றைக்காவது எடுக்கலாம்.

அந்த எண் அவள் தங்கை கோகிலாவுடையது. கோகிலா அறுவை முடிந்த பதினொன்றாம் நாள், புகுந்த வீட்டுக்குப் பக்கத்தில் கோபியில் வேறொரு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இரைப்பைத் தையலில் கசிவு. ரேணுகா கூடவே இருந்தாள். பாடை கட்டும்போதும் இருந்தாள். டாக்டர்களுக்கெல்லாம் தெரிந்த சாவு; ஆனால் பதிய வேண்டியவள் அவள்தான் என்பதால், ஒப்பீட்டுப் பிரிவின் பதிவில் இன்றுவரை கோகிலா சாகவில்லை.

நிழலை அவள் பாசத்தினால் வைத்திருக்கிறாள் என்று நினைத்தால் தப்பு. அது எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறுவை செய்துகொள்ளாத கோகிலா ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் சர்க்கரையிலோ மாரடைப்பிலோ போய்விட்டால், எப்படியும் போகவேண்டியவள்தான் என்று ஆகிவிடும். அறுவைக்கு இழுத்துக்கொண்டு வந்த அக்கா மேல் பழி இல்லை. இதற்காக ரேணுகா கோனியம்மன் கோயிலில் போய் நின்று வேண்டிக்கொண்டதுகூட உண்டு. தங்கையின் நிழல் சீக்கிரம் சாகவேண்டும் என்று. வேண்டிக்கொண்டு வெளியே வந்து, செருப்பைக்கூடப் போடாமல் கோபுர வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

நிழலோ சாகவில்லை. நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினாலு, முழங்கால் வலி, நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் அடி நடை என்று ஒவ்வொரு மாதமும் தாள் வந்துகொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். அறுவைக்கு முன் பதினாலு நாள் திரவ உணவில் இருக்க வேண்டும். மோர், சூப், புரதப் பொடி, அவ்வளவே. கொழுப்பேறிய கல்லீரல் அப்போதுதான் சுருங்கும். சுருங்கினால்தான் அதைத் தூக்கிவிட்டுப் பின்னாலிருக்கும் இரைப்பையை ஒழுங்காகத் தைக்க முடியும். ஒன்பதாம் நாள் கோகிலாவின் நாத்தனாருக்குக் கட்டுச்சோற்று விருந்து. மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் ஆக்கிக்கொண்டு போகும் சோறு. ஏழு வகைச் சோற்றையும் அண்ணிக்காரிதான் முன்னே நின்று பரிமாறி, கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அறுவை விஷயம் வீட்டில் புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிடாவிட்டால் கேள்வி வரும். கோகிலா சாப்பிட்டாள். மிச்சத்தை மறுநாளும் சாப்பிட்டாள்.

"டாக்டர்ட்ட சொல்லிரலாமாக்கா?" என்று போனில் கேட்டாள். "பயமா இருக்குது."

சொன்னால் டாக்டர் மூன்று வாரம் தள்ளிவைப்பார். நடுவில் ஆடி வரும். ஆடியில் மாமியார் கத்தி வைக்க விடமாட்டாள். ஆடி முடிவதற்குள் கோகிலாவின் மனசு மாறிவிடும். ரேணுகாவுக்குத் தங்கையைத் தெரியும்.

"இப்ப உட்டா நீ வரவே மாட்டே புள்ள. நானும்தான் என்ற ஆபரேசனுக்கு முன்னால கெடா வெட்டு விருந்துல ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. சும்மா இரு."

உணவுத் தாளில் பதினாலு கட்டங்கள். ஒன்பதிலும் பத்திலும் ரேணுகாவே டிக் போட்டாள்.

அறுவை முடிந்த ஏழாம் நாள் கோகிலா வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். "அக்கா, இடது தோள்பட்டை பிடுங்குது. படபடன்னு வருது."

"கேஸ்தான். வயித்துக்குள்ள காத்து அடிச்சாங்களே, அது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

ரேணுகாவுக்கு இருந்தது இரண்டாம் நாள். ஏழாம் நாள் வந்தால் அது காற்றில்லை. இத்தனை வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். தன் உடம்பு தப்பித்ததை நம்பிய அளவுக்கு அவள் தான் படித்ததை நம்பவில்லை.

அறுவை செய்த டாக்டர் ஜெபராஜ், கோகிலா இறந்த வாரத்து ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது அவள் காதிலேயே இருந்தது. "கேமராவை உள்ள விட்டதுமே பார்த்தேன், கல்லீரல் பெருசா இருந்தது. டயட் தாளைப் பார்த்தேன், பதினாலு நாளும் ஒழுங்கா இருந்திருக்காங்க. அப்போ இதுக்கு மேல சுருங்காத கல்லீரல்னு நினைச்சு மேல போனேன். பார்த்ததும் மூடியிருக்கணும். என் கை மேல எனக்கு இருந்த திமிர் அது." அதற்குப் பிறகு அவர் கத்தியைத் தொடவில்லை. ஆயிரத்துக்கும் மேல் செய்த கை. கீழ்த்தளத்தில் புறநோயாளிகளைப் பார்த்து மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வராந்தாவில் ரேணுகாவைப் பார்க்கும்போதெல்லாம், செத்தவளின் அக்கா என்பதால், கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். அவள் அதையும் பொறுத்துக்கொண்டு நடந்து போவாள்.

பல்லடத்திலிருந்து திரும்பிய அன்று சென்னையிலிருந்து ஹரிணி வந்திருந்தாள். நிழல்களைப் பராமரிக்கும் பொறியாளர். முப்பது வயதுகூட இருக்காது. எதையும் வேடிக்கையாகவே சொல்லுவாள்.

"அக்கா, ஒரு புது விஷயம். இத்தனை நாளா நிழலுங்களைக் கட்டிப்போட்டு வெச்சிருந்தோம்ல? ஆபரேஷன் பக்கமே போகக் கூடாதுன்னு. அது நியாயமில்லைன்னு வெளிநாட்ல சண்டை. நிஜத்துல வேண்டாம்னு போனவங்க மூணு வருஷம் கழிச்சு மனசு மாறி வர்றாங்களா இல்லையா? அதனால கட்டை அவுத்துட்டோம். மூணு மாசமா அதுங்களே முடிவு பண்ணுதுங்க."

"முடிவு பண்ணி?"

"நாப்பது பேர் வந்து படுத்துட்டாங்க. ஆபரேஷன் ஆனா முழு கேஸ் ஷீட்டே வரும். உங்க லிஸ்ட்லயும் நாலஞ்சு இருக்கும், பாருங்க."

ரேணுகா பார்த்தாள். மூன்றாவது பெயர் கோகிலா. வயது முப்பத்தைந்து. நேற்று அறுவை முடிந்தது. ஒன்றாம் நாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கும் வயிறும் ஒரு கைப்பிடிதான், அதிலும் இறங்கவில்லை. தினமும் காலையில் வந்ததும் அந்தத் தாளைத் திறப்பாள். முன்பக்கங்களைத் தொடவில்லை. நாடியை மட்டும் பார்ப்பாள். கசிவு வந்தால் முதலில் ஏறுவது நாடிதான். இரண்டாம் நாள் எண்பத்து நாலு. மூன்றாம் நாள் எண்பது. வீடு திரும்பினார். ஐந்தாம் நாள் எழுபத்தெட்டு.

எதை எதிர்பார்க்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. இந்தக் கோகிலாவும் செத்துவிட்டால், இந்த அறுவை அவள் உடம்புக்கு ஆகாது, விதி அவ்வளவுதான் என்று மூச்சு விடலாம். அப்படி நினைத்ததும் மறுபடி நாடியைத் திறந்து பார்ப்பாள். ஏழாம் நாள் தாளைத் திறந்தாள். 'நாடி 76. காய்ச்சல் இல்லை. தோள்பட்டை வலி: கேட்கப்பட்டது, இல்லை.' அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். யாரோ கேட்டிருக்கிறார்கள். அங்கே, அந்த இல்லாத வீட்டில், தோள் வலிக்கிறதா என்று யாரோ கோகிலாவைக் கேட்டிருக்கிறார்கள்.

பதினொன்றாம் நாள் காலையில் சீக்கிரமே வந்துவிட்டாள். பெருக்குகிறவர்கள்கூட இன்னும் மாடி ஏறவில்லை.

'பதினொன்றாம் நாள். நாடி 74. கஞ்சி அரை டம்ளர். வாசல்வரை நடந்தார். நலம்.'

நலம். ரேணுகா அந்தச் சொல்லை விரலால் தொட்டாள். பிறகு, இத்தனை நாள் தொடாத முன்பக்கங்களைத் திறந்தாள்.

அறுவைத் தேதிகள் இரண்டு இருந்தன. முதல் தேதியை அடித்திருந்தது. கீழே காரணம்: 'திரவ உணவு ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் மீறப்பட்டது. வீட்டு விசேஷம். அறுவை மூன்று வாரம் தள்ளிவைப்பு.' இவளுக்கு இந்த மிஷினிலும் ஒரு விசேஷம் வந்திருக்கிறது. அங்கேயும் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டிருக்கிறாள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி.

'தெரிவித்தவர்: உடன் வந்தவர் (அக்கா).'

ஹரிணி காபி டம்ளரோடு வந்தபோது ரேணுகா அந்த வரியைக் காட்டிக் கேட்டாள்.

"இது யாரு? மிசின் சும்மா ஒரு அக்காவைப் போட்டுக்குமா?"

"சும்மால்லாம் போடாதுக்கா. குடும்பத்துல ரெண்டு பேர் நம்மகிட்ட இருந்தா நிழல்களையும் ஒண்ணா சேர்த்துருவோம். ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே விசேஷம், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேப்பாங்க. தனித்தனியா வெச்சா கணிப்பு தப்பாயிடும். இவங்க அக்காவும் நம்ம பேஷன்ட் போல. அந்த அக்காவோட நிழல்தான் இவங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கு. இருங்க, எடை நூத்து இருபத்தொண்ணு, முட்டிக்குப் பெல்ட் போட்டிருக்காங்க, பேரு ரேணு..."

ஹரிணி அப்படியே நிறுத்தினாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அக்கா, இதை நீங்க பார்க்கக் கூடாது."

"உசுரோட இருக்கறாளா?"

"இருக்காங்க."

"அவ ஏன் சொன்னா?"

"ஏன்னு மிஷின் சொல்லாதுக்கா."

"நீ சொல்லு. உனக்கு அது எப்படி நடக்குதுன்னு தெரியுமில்ல?"

ஹரிணி திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். அவளிடம் வேடிக்கை எல்லாம் போய்விட்டிருந்தது.

"குணம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. அவங்களுக்கு ஆபரேஷன் ஆகலை. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு எதுவும் தெரியாது. பயந்திருப்பாங்க. பயந்து டாக்டர்கிட்ட சொல்லியிருப்பாங்க."

ரேணுகா நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து போனாள்.

மூன்று வருடமாக இரண்டே பதில்தான் உண்டு என்று இருந்தாள். அறுவை கொன்றது, அல்லது உடம்பு கொன்றது. மூன்றாவது பதில், முட்டிக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க மாடி ஏறி, டாக்டர் முன்னால் உட்கார்ந்து, 'இவ சாப்பிட்டுட்டாளுங்க, தள்ளி வெச்சுருங்க' என்று சொல்லியிருந்தது. அந்தக் குண்டுப் பெண்ணைத்தான் ரேணுகா வெறுத்து, வெட்டி, உரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கீழ்த்தளத்தில் ஜெபராஜ் டாக்டர் இன்னும் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பிக்கவில்லை. பீரோவிலிருந்து எடுத்து வந்த பழைய உணவுத் தாளை அவர் மேசையில் வைத்தாள். பதினாலு டிக்.

"டாக்டர், ஒன்பதாம் நாள் கோகிலா கட்டுச்சோறு சாப்பிட்டா. பத்தாம் நாளும் சாப்பிட்டா. சொல்லிரலாமான்னு கேட்டா. வேண்டாம்னு சொன்னது நான். டிக் போட்டதும் நான். ஏழாம் நாள் தோள் வலிக்குதுன்னா. கேஸ்னு சொன்னதும் நான்தான்."

அவர் தாளை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கல்லீரலைப் பார்த்த அன்று பார்த்த அதே தாள்.

"மூணு வருஷம் ரேணுகா" என்றார்.

"ஆமாங்க டாக்டர்."

"தினமும் ராத்திரி அந்த வயித்தைத் திறந்து திறந்து பார்த்திருக்கேன். எந்தத் தையல்ல விட்டேன்னு. நீங்க வராந்தாவுல எதிர்ல வர்றப்ப உங்க மூஞ்சியப் பார்க்க முடியாம தலையைக் குனிஞ்சிருக்கேன். நீங்களும் பேசாம போயிருக்கீங்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "பார்த்ததும் மூடாதது என் தப்பு, அது எங்கிட்டயே இருக்கட்டும். ஆனா இதையும் நான்தான் சுமந்துட்டிருந்தேன். உங்களோடதை."

அவளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் கொடுத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "பதிவுல என்னன்னு இருக்கு?"

"தொடர்பு கிடைக்கவில்லைன்னு."

"அடப்பாவமே" என்றார் மெல்ல. "திருத்தணும். டயட் மீறினது, இறந்தது, ரெண்டும் ஏறணும். இந்த மாதிரி டிக் போட்ட தாளு இன்னும் எத்தனை இருக்கோ. இதைப் பார்த்தாத்தான் நாளைக்கு ஒரு டாக்டர் தாளை நம்பாம கல்லீரலை நம்புவான்." விசைப்பலகை மேல் விரலை வைத்தார். "இறப்புன்னு போட்டா நிழல் நின்னுரும். தெரியுமில்ல?"

தெரியும். அதை எத்தனையோ பேருக்கு அவளே நிறுத்தியிருக்கிறாள். ஆனால் இப்போது அங்கே ஒருத்தி கஞ்சி குடித்துவிட்டு வாசல்வரை நடந்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றிருப்பாள்.

"டாக்டர், ஒரு நாள் மட்டும் தள்ளி வெச்சுருங்க."

"எதுக்கு?"

"இன்னைக்குப் பதினொண்ணு. பன்னெண்டு ஆகட்டும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு ரேணுகா தாளைத் திறந்தாள். 'பன்னிரண்டாம் நாள். நாடி 74. துணையில்லாமல் தெருமுனைவரை நடந்தார். நலம்.' இரண்டு முறை படித்தாள். பிறகு 'தொடர்பு கிடைக்கவில்லை' என்பதை அழித்துவிட்டு, இறந்த தேதியையும் நேரத்தையும் பதிந்தாள். ஒன்பதாம் கட்டத்திலும் பத்தாம் கட்டத்திலும் இருந்த டிக்கை எடுத்தாள். நிழலை நிறுத்தலாமா என்று திரை கேட்டது. அதற்கு முன் ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னது. தெரிவித்தவர்.

'அக்கா' என்று பதிந்தாள்.

ஹரிணியிடம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது, அங்கே அந்த முட்டி வலிக்காரிக்கு இந்தச் சேதியை யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் வீட்டுக்குப் போய், வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.